ஆண்டிஸ் படையை வரையும் ஓவியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

1817 ஜனவரியில் தென் அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி ஹோசே தெ சான் மார்ட்டின் ஏறத்தாழ 5,000 வீரர்களுடன் ஆண்டிஸ் மலையைக் கடந்து, பிப்ரவரி 12 அன்று சிலியிலுள்ள சக்காபுக்கோ என்னுமிடத்தில் ஸ்பானிய மன்னர் தரப்புப் படையை முறியடித்தார். அந்தப் பயணத்தை வரையும்போதெல்லாம் வெள்ளைக் குதிரையும் கசங்காத நீலச் சீருடையுமே உங்கள் தூரிகைக்கு முதலில் வருகின்றன. அந்தப் படை உருவான விதத்தை அந்தப் படங்கள் மறைத்துவிடுகின்றன என்பதே என் குறை.

முதலில் குதிரை. சுமார் 1,600 குதிரைகளைப் போருக்கென்று களைப்பின்றிக் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால், மலையேற்றத்தில் ஆளையும் பொதியையும் சுமந்தவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள். தளபதியே கோவேறு கழுதையில்தான் போனார். (கம்பீரம் குறையுமென்று அஞ்ச வேண்டாம்; அந்தச் சரிவுகளில் கம்பீரத்தைவிடக் கால் வழுக்காமைதான் முக்கியம்.)

சீருடையின் கதை இதைவிடச் சுவையானது. அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் பகுதிப் பெண்கள் நெய்த மெல்லிய கம்பளித் துணியை, படை திரண்ட மென்டோசா நகருக்குக் கொண்டுவந்து, ஆந்த்ரேஸ் தெஹேதா என்பவரின் ஆலையில் அடித்துத் தடிப்பாக்கி, நீலச் சாயம் தோய்த்தார்கள். அதை மென்டோசாப் பெண்கள் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார்கள். கால்களுக்கோ பளபளப்பான பூட்ஸ் இல்லை. உணவுக்காக அறுத்த மாடுகளின் தோலில் செய்து, உள்ளே பழைய கம்பளிக் கந்தல் திணித்த ‘தமாங்கோ’ என்னும் முரட்டுச் செருப்புதான். குடிநீரை மாட்டுக் கொம்புகளில் எடுத்துச் சென்றார்கள். இடித்த உப்புக்கண்டத்தில் கொழுப்பும் மிளகாயும் சேர்த்த உணவோடு, மலைக்காற்றில் மூச்சுத் திணறினால் உதவுமென்று வெங்காயமும் பூண்டும் பொதிகளில் இருந்தன.

ஆயுதப் பட்டறையை நடத்திய லூயிஸ் பெல்ட்ரான் ஒரு பிரான்சிஸ்கன் சபைத் துறவி. தேவாலய மணிகளையும் உருக்கிப் பீரங்கி வார்த்த அவரை, உலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு முழுப்பக்கம் வரையலாம்.

இவற்றையெல்லாம் ஒரே படத்தில் அடைக்கச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் அட்டைப்படத்தை மாற்ற முடியாவிட்டாலும், உள்பக்கப் படங்களில் தமாங்கோவையும் கோவேறு கழுதையையும் கொண்டுவாருங்கள். 7, 8ஆம் காலாட்படைப் பிரிவுகளில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பின வீரர்கள். அந்த அணிகளை வரையும்போது முகங்களின் நிறத்தையும் சரியாகத் தீட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று நூல்களின் வாசகர் ஒருவர்