கர்ணம் காணும் பாட்டும் பிதாகரஸ் தேற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை, அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை, வர்க்கமூலம் எடுக்காமலே கண்டுபிடிக்கும் வழியைப் பழந்தமிழர் பாட்டாகவே சொல்லிவைத்தனர் என்றும், ஆகவே பிதாகரஸ் தேற்றம் நமக்குத் தேவையே இல்லை என்றும் கூறும் செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றிவருகிறது. மாணவர்கள் இதை நம்பி வகுப்பறையிலேயே கேட்கிறார்கள். அவர்களுக்கு உரிய விடை கிடைக்க வேண்டும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

போதாயனர் பெயரில் வழங்கும் அந்தப் பாட்டின் பொருள் எளிமையானது. செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, மீதியோடு சிறிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்கிறது. பக்கங்கள் 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. பக்கங்கள் 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இரண்டும் மிகச் சரி. பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலும் இவைதாம், அல்லது 8, 6 போன்ற இவற்றின் மடங்குகள்தாம், எடுத்துக்காட்டாக வருகின்றன. வேறு எண்கள் ஏன் வருவதில்லை என்பதை இயற்கணிதம் தெளிவாகவே காட்டிவிடுகிறது.

நீளமான பக்கத்தை அ என்றும் சிறியதை ஆ என்றும் கொள்வோம். பாட்டு தரும் கர்ணம், அ-வின் எட்டில் ஏழு பங்கும் ஆ-வின் பாதியும் சேர்ந்தது. இதன் வர்க்கம், பிதாகரஸ் தேற்றத்தின்படி, அ வர்க்கமும் ஆ வர்க்கமும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். இரு புறத்தையும் விரித்து 64ஆல் பெருக்கிச் சுருக்கினால், 15அ² − 56அஆ + 48ஆ² = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. அதைக் காரணிப்படுத்தினால் (3அ − 4ஆ)(5அ − 12ஆ) = 0. அதாவது, பக்கங்கள் 4க்கு 3 என்ற விகிதத்திலோ 12க்கு 5 என்ற விகிதத்திலோ இருந்தால் மட்டுமே விதி துல்லியமானது. மூன்றாவது விகிதம் ஒன்று இருக்கவே முடியாது. ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் ஒரு தாளில் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. இவ்வளவு அழகான பயிற்சியை நாம் வகுப்பில் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

விதியைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. அந்த இரு விகிதங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் அது உண்மையான கர்ணத்தைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டும். ஆனால் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டாது. பக்கங்கள் 15, 8 என்றால் 17க்குப் பதிலாக 17.125 வரும். கையில் கருவி இல்லாதவருக்கு, மனக்கணக்காக ஒரு மதிப்பைச் சொல்ல இது சிறந்த வழிதான். அந்த எல்லைக்கு வெளியே போனால் கணக்கு குறைந்துவிடும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறைக்கு மூலைவிட்டம் காண இவ்விதியை நம்பினால் பதினாறரை அடி வரும். உண்மையான அளவோ ஏறத்தாழ 16.97 அடி. ஐந்தரை அங்குலத்துக்கும் மேற்பட்ட இந்தக் குறைவோடு நூல் பிடித்தால், செங்கோணமாக இருக்க வேண்டிய மூலை ஏறத்தாழ 87 பாகையாகிவிடும். அந்தச் சுவரை எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் 3, 4, 5 அடி அளந்து மூலை பார்ப்பதே தேற்றத்தின்படிதான்.

பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வேள்வி மேடை அமைக்கும் அளவுகளைக் கூறும் பழைய வடமொழி நூலான போதாயன சுல்ப சூத்திரம், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரம், இரு பக்கங்களின் மேல் அமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று தேற்றத்தையே சொல்கிறது. பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அது தரும் மதிப்பு 577/408, அதாவது 1.41421 வரை சரியானது. எட்டில் ஒரு பங்கு விதியோ அதே சதுரத்துக்கு 1.375 என்கிறது. இவ்விரண்டையும் ஒருவரே சொன்னார் என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

மேலும், அந்த விதி கர்ணத்தை மட்டுமே தரும். கர்ணமும் ஒரு பக்கமும் தனித்தனியே தெரியாமல், அவற்றின் கூட்டுத்தொகையும் மற்றொரு பக்கமும் மட்டும் தெரிந்தால் என்ன செய்வது? 1150ஆம் ஆண்டில் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்னும் கணித நூலில் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. 32 முழ உயர மூங்கில் காற்றில் முறிந்து, அதன் நுனி அடியிலிருந்து 16 முழத் தொலைவில் தரையைத் தொடுகிறது. முறிந்த இடத்தின் உயரம் என்ன? அதை x எனக் கொண்டால் சாய்ந்த பகுதி 32 − x. தேற்றத்தின்படி x² + 256 = (32 − x)². வலப்புறத்தை விரித்தால் இரு புறத்திலும் உள்ள x² நீங்கி, 64x = 768 என்றாகி, x = 12 எனக் கிடைக்கிறது. தேற்றமும் இயற்கணிதமும் கைகோக்கும் இந்த முறை நம் நாட்டு நூலிலேயே இருக்கும்போது, பிதாகரஸ் தேற்றம் வேண்டாம் என்று மாணவரிடம் சொல்வது நம் முன்னோருக்கே நாம் செய்யும் குறை.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இந்தப் பாட்டை வெளியிட நேர்ந்தால், மேற்கண்ட சமன்பாட்டையும் சேர்த்து அச்சிட்டு, 24, 7 அளவுள்ள முக்கோணத்துக்கு விதி 24.5 என்று காட்டும்போது உண்மையான கர்ணம் 25 ஆக இருப்பது ஏன் என்ற வினாவையும் உடன் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்