மெமரி கார்டும் செயலிகளும்: பெட்டியிலேயே எழுதிவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்பேசியில் இடம் போதவில்லை என்று யார் குறைப்பட்டாலும், 'ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்' என்ற ஆலோசனை உடனே வந்துவிடுகிறது. படங்களையும் பாடல்களையும் பொறுத்தவரை அதில் தவறேதும் இல்லை. ஆனால் செயலிகளையும் அதே கார்டுக்கு மாற்றிவிடலாம் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள், அமைப்புகளுக்குள் போய் 'மாற்று' என்ற பொத்தானைத் தேடி, அப்படி ஒன்று அங்கே இல்லை என்பதைக் கண்ட பிறகுதான் விஷயத்தைப் புரிந்துகொள்கிறார்கள். '1 டிபி வரை விரிவாக்கிக்கொள்ளலாம்' என்று பெட்டியில் அச்சிடுவோர், அந்த 1 டிபியில் செயலிகளுக்கு இடம் உண்டா இல்லையா என்பதைச் சொல்லாமல் விடுவதைக் குறித்தே இக்கடிதம்.

செயலிகளைக் கார்டுக்கு மாற்றும் வசதி 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 பதிப்புடன் வந்தது. அன்றும் அது முழுமையான வசதியாக இருக்கவில்லை. செயலியை உருவாக்கியவர் அனுமதித்திருந்தால் மட்டுமே அதை நகர்த்த முடியும். நகர்த்தினாலும் நிரல் கோப்பு மட்டுமே கார்டுக்குப் போகும், பயனரின் தரவுகள் உள் சேமிப்பகத்திலேயே தங்கிவிடும். எல்லாச் செயலிகளுக்கும் அனுமதி தராததற்கு நியாயமான காரணமும் உண்டு. கார்டு கழற்றப்பட்ட நொடியில், அதிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கும் செயலியை இயங்குதளம் நிறுத்திவிடுகிறது. அந்தச் செயலி பதிந்துவைத்த அலாரங்களும் அத்துடன் ரத்தாகிவிடுகின்றன. விசைப்பலகைச் செயலி, முகப்புத் திரையில் நிற்கும் விட்ஜெட், பின்னணியில் ஓடும் சேவை ஆகியவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே 'என் செயலியைக் கார்டில் வைக்காதீர்கள்' என்று ஓர் உருவாக்குநர் முடிவெடுத்தால் அதைப் பிடிவாதம் என்று சொல்வதற்கில்லை.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 வேறொரு வழியைத் திறந்தது. கார்டை முழுவதுமாக ஃபார்மேட் செய்து, மறையாக்கம் செய்து, உள் சேமிப்பகத்தின் நீட்சியாகவே ஆக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இதில் செயலியோடு அதன் தரவுகளும் கார்டுக்குப் போகும் என்பதால், முந்தைய முறையைவிட இது மேலானதுதான். ஆனால் மறையாக்கத்தைத் திறக்கும் சாவி அந்தச் செல்பேசிக்குள்ளேயே இருக்கிறது. கார்டைக் கழற்றி வேறொரு செல்பேசியிலோ கணினியிலோ செருகினால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. செல்பேசி பழுதாகி உயிர்விட்டாலோ, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கப்பட்டாலோ, கார்டு நல்ல நிலையில் இருந்தாலும் அதிலிருந்த படங்கள் போனது போனதுதான். 'கார்டில் இருப்பதால் பத்திரமாக இருக்கும்' என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர் எதிரானது என்பதை எத்தனை விற்பனையாளர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்? போதாக்குறைக்கு, தயாரிப்பாளர்களில் சிலர் இந்த ஏற்பாட்டையே தங்கள் மாடல்களிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அதனால் ஒரே ஆண்ட்ராய்டு பதிப்பில் இயங்கும் இரண்டு செல்பேசிகளில் ஒன்றில் செயலிகள் கார்டில் அமரும், மற்றொன்றில் அமராது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்டின் மேல் 'கிளாஸ் 10' என்றிருந்தால், தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 10 எம்பி வேகம் உண்டு என்று பொருள். காணொளி பதிவதற்குத் தேவையான அளவுகோல் அது. செயலிகளின் போக்கு அப்படியன்று. அவை சின்னஞ்சிறு துணுக்குகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓயாமல் படித்தும் எழுதியும் கொண்டிருக்கும். அதை அளப்பதற்காகவே 2016-இல் 'ஏ1' என்ற தர வகுப்பு அறிமுகமாயிற்று. நொடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் கூடிய கார்டுகளே அந்தக் குறியைப் பெறும். அடுத்து வந்த 'ஏ2' வகுப்புக்கு இந்த எண்கள் முறையே 4,000, 2,000. எனினும் ஏ2-வின் முழுப் பயன் கிடைக்க, பல கட்டளைகளை ஒருசேர வாங்கி வரிசைப்படுத்திச் செய்துமுடிக்கும் 'கட்டளை வரிசை' முறையைச் செல்பேசியும் ஆதரிக்க வேண்டும். அது இல்லாத செல்பேசிக்கு விலை கூடிய ஏ2 கார்டை வாங்குவது, என் பார்வையில், வீண் செலவு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகளின் கதை தனி. உண்மையான இடம் தீர்ந்ததும் புதிதாக எழுதுவது எதுவும் நிலைக்காது. படங்கள் மட்டும் இருந்தால் சில படங்கள் கெடும், செயலிகள் இருந்தால் அவை திறக்காமலே போகும்.

இவற்றையெல்லாம் வாங்குபவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. இயங்குதளமும் முன்பே நிறுவப்பட்ட செயலிகளும் எடுத்துக்கொண்டது போகப் பயனருக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு, செயலிகளைக் கார்டுக்கு மாற்ற முடியுமா முடியாதா என்ற இரண்டு விவரங்களைப் பெட்டியில் இரண்டு வரிகளில் அச்சிட்டுவிடலாம். இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் ஸ்லாட் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்து, சிம் தட்டை வெளியே இழுத்துப் பார்த்த பிறகுதான் பலருக்கும் அது தெரியவருகிறது.

ஏற்கெனவே இடமின்றித் திணறுவோர், கார்டைத் தேடி ஓடுவதற்கு முன், படங்களையும் பதிவிறக்கங்களையும் வேறிடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். எப்போதாவது திறக்கும் செயலிகளை, தரவுகள் அழியாமல், சுருக்கி வைக்கும் காப்பக வசதியைக் கூகுள் பிளே 2023 முதல் தருகிறது. அடிக்கடி தேவைப்படாத செயலிகளுக்கு அது கார்டைவிட நல்ல வழி.

தங்கள் நாளிதழில் புதிய செல்பேசிகளைப் பற்றி எழுதும்போது கேமராவுக்கும் பேட்டரிக்கும் தனித்தனிப் பத்திகள் ஒதுக்குகிறீர்கள். கார்டு ஸ்லாட் உள்ள மாடலாக இருந்தால், அதில் செயலிகளை வைக்க முடியுமா என்பதைச் சோதித்து, ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்