கதிர்வீச்சு முடிந்த பிறகு உடன் வந்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் உடையீர்,

வணக்கம். என் உடல்நிலை பற்றிய செய்தி கோத்தகிரியில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், நோயின் கதையை இங்கே மறுபடியும் எழுதப் போவதில்லை. கோவையில் என் தலை, கழுத்துப் பகுதிக்கான கதிர்வீச்சுச் சிகிச்சை கடைசி நாளில் முடிந்து, தலை அசையாதிருக்க அணிவிக்கும் முகமூடியைக் கழற்றியபோது எனக்காக மகிழ்ந்தவர்கள் பலர். அதற்குப் பிந்தைய மாதங்களில், கொண்டாட ஏதுமில்லாத நாட்களில், உடன் நின்றவர்களுக்காகவே இந்த மடல்.

உமிழ்நீரை, அது வற்றும்வரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நலமாக இருப்பவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அது சுரக்கிறது. காதோர உமிழ்நீர்ச் சுரப்பிகளில் விழுந்த கதிர்வீச்சு சராசரியாக 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டிவிட்டால் அவை பழையபடி சுரப்பது கடினம் என்றும், தாண்டாதவையும் மெல்லத்தான் தேறும் என்றும் மருத்துவர் விளக்கினார். நீலகிரியின் மார்கழிக் குளிர்க்காற்றும் அந்த வறட்சியோடு சேர்ந்துகொண்டபோது, நள்ளிரவில் விழித்து, மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கைத் தண்ணீர் ஊற்றிப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பார்வைக்கு நலமாக இருக்கும் ஒருவர் இதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? "இன்னுமா சரியாகவில்லை?" என்று அக்கறையோடுதான் கேட்பார்கள், பதில் சொல்லவே வாய் ஈரமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடை அண்ணனிடம் நான் எதையும் சொன்னதில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் வழக்கம்போல் ஒரு தேநீரும் இரண்டு வர்க்கியும் வாங்கி, வர்க்கியில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, அது தொண்டையில் இறங்க மறுப்பதை யாரும் கவனிக்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உதிர்வதுதான் வர்க்கியின் பெருமை. ஈரமில்லாத வாயில் அதே உதிரல் மணலைப் போல அப்பிக்கொள்ளும். ஒரு நாள் அவர் என் முன்னால் வைத்த குவளையில் தேநீர் இல்லை. சர்க்கரை சேர்க்காத பாலை நன்றாக ஆற்றி, மேலே படிந்த ஏட்டை எடுத்துவிட்டு, வர்க்கியை நுணுக்கிப் போட்டு ஊறவைத்து, ஒரு கரண்டியையும் உடன் வைத்திருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் அடுத்தவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் கேட்காமலேயே அந்தக் குவளை வருகிறது. இடையில் ஒரே ஒரு முறை, "கரண்டி வாய்க்குப் பெரிசா இருக்கா சார்?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். இருந்தது. தாடைத் தசைகள் இறுகியதில், மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரலே நுழைந்த காலம் அது. மறுநாள், குழந்தைகளுக்கு மருந்து ஊட்டும் சிறிய கரண்டி ஒன்று வந்திருந்தது.

என் நோயின் பெயரை அவர் இன்றுவரை கேட்டதில்லை. ஒருவரைக் கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஒருவரிடமே சேர்ந்து அமைவது அரிது. நான் வகுப்பறையில் கழித்த காலத்தில் இந்த இரண்டையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்தேனா என்பது ஐயமே.

மற்றவர்களுக்கு நன்றியைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்; குறைவாக எண்ண வேண்டாம். மேட்டுப்பாளையம் வரை கொண்டுவிட்ட அண்டை வீட்டார், காரமும் புளிப்பும் இல்லாமல் குழைய ஆக்கிக் கொடுத்த அண்ணியார், குரல் வறளாத காலை வேளைகளிலேயே என் பாடவேளைகளை அமைத்த தலைமையாசிரியை, தாடைப் பயிற்சியைச் சலிக்காமல் கற்றுத்தந்த பயிற்சியாளர் ஆகியோருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும், ஆகவே எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் வாழ்நாள் முழுவதும் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று எச்சரித்து, ஃபுளூரைடு பூச்சை விடாமல் தொடரச் செய்த பல் மருத்துவருக்கும் நன்றி. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு பின்னாளில் குறையக்கூடும் என்பதால், 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையை என் மகள் நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறாள். அவளுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

இனி நான் செய்ய நினைத்திருப்பது ஒன்று உண்டு. இந்த மலையில் யாருக்கேனும் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு முடிந்திருந்தால், முதல் வாரத்தில் கூட்டத்தோடு போய்ப் பார்க்காமல், மூன்றாம் மாதம் தனியே போய்ப் பார்ப்பேன். நீங்களாகவே வர விரும்பினால், பள்ளி நாட்களில் மாலை ஐந்து மணிக்கு அந்தக் கடையில்தான் இருப்பேன். முதல் குவளைக்குக் காசு நான் கொடுக்கிறேன். கரண்டி அண்ணனிடம் இருக்கிறது.

நன்றியுடன்,
கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியர்