திருமணப் பதிவு உதவி மேசை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தொடர்பாக ஆண்டு முழுவதும் கொடுத்த மனுக்களும் அவற்றின் நிலையும் இணைப்பில் உள்ளன. அவற்றை இங்கே வாசிக்கவில்லை. சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் உதவி மேசையைப் பற்றித்தான் இந்த முறை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேசைக்கு வரும் குடும்பச் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பலவற்றின் அடியில் ஒரே குறைதான் தெரிகிறது: திருமணம் ஊரறிய நடந்திருக்கிறது, ஆனால் பதிவாகவில்லை.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், ஜமாஅத் புத்தகத்தில் நிக்காஹ் ஏறியிருந்தாலும், இந்தப் பதிவைத் தனியாகச் செய்யத்தான் வேண்டும். திருமண நாளிலிருந்து 90 நாள் அவகாசம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ஆக மொத்தம் 150 நாள்.

தவறு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. 90 நாளை "மூணு மாசம்" என்று மனதில் வைத்துக்கொள்கிறார்கள். மே 20-ல் வைகாசி முகூர்த்தத்தில் திருமணம் என்று வையுங்கள். மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட் 20. நாள்களை எண்ணினால் 90-வது நாள் ஆகஸ்ட் 18. இடையில் ஆடி வருகிறது. ஆடிச் சீர் கொடுத்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனால் ஆவணி பிறந்தபிறகுதான் திரும்பி வருவாள். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். அப்போது கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு நாள். அதில் ஞாயிறு குறுக்கிட்டால் அதுவும் இல்லை. வைகாசி, ஆனித் திருமணங்களில் காலக்கெடு தவறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் நாளிலேயே பதிவுக்கும் நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். திருமணம் முடிந்த 2 வாரத்துக்குள், மறுவீடு முடிந்த கையோடு போய்விடுவது நல்லது.

முன்பு திருமணம் நடந்த இடத்தின் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய முடிந்தது. திருத்தணியிலோ திருச்செந்தூரிலோ தாலி கட்டிவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர்கள் மறுபடியும் அங்கே போக வேண்டியிருந்தது. 2020-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மணமகன் அல்லது மணமகள் குடியிருக்கும் ஊரிலேயே பதியலாம். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

விண்ணப்பத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்து, நாள் பதிவு செய்துகொண்டு நேரில் போக வேண்டும். அழைப்பிதழ், இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், அடையாள அட்டையோடு 2 சாட்சிகள், திருமணத்தை நடத்திவைத்தவரின் கையொப்பம் ஆகியவை தேவை. இந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் பலர் திரும்பி வருகிறார்கள். புரோகிதர் தட்சணை வாங்கிக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடுவார். அதன்பிறகு அவரைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. படிவத்தை முன்கூட்டியே அச்செடுத்து மணமேடைக்கு எடுத்துப்போய், தாலி கட்டி முடிந்ததும் அங்கேயே கையொப்பம் வாங்கிவிடுங்கள். கோயிலில் நடந்தால் தேவஸ்தான ரசீதின் அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

அழைப்பிதழில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது தேதி. முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை 4.30–6.00 முகூர்த்தம் என்று இருக்கும். வரவேற்புத் தேதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, முகூர்த்தத் தேதியைத் தமிழ் மாதத்தோடு சிறிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் பெரிய எழுத்துத் தேதி ஏறிவிடுகிறது. தாலி கட்டிய நாள்தான் திருமண நாள். இரண்டாவது பெயர். அழைப்பிதழில் "செல்வி", பள்ளி மாற்றுச் சான்றிதழில் "தமிழ்ச்செல்வி மு.", ஆதாரில் "தமிழ்செல்வி முருகேசன்". மூன்றும் ஒரே பெண்தான் என்று அலுவலகம் தானாக ஏற்றுக்கொள்ளாது. அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும்போதே வயதுச் சான்றில் உள்ள பெயரைப் பார்த்து எழுதுங்கள். செல்லப்பெயர் வேண்டுமானால் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். திருமணமானதும் பெண் தன் முன்னெழுத்தைக் கணவர் பெயருக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறந்த வீட்டு முன்னெழுத்திலேயே பதிவு செய்யுங்கள் என்று மேசையில் அழுத்திச் சொல்கிறோம். மாற்றினால் பள்ளிச் சான்றிலிருந்து வங்கிக் கணக்கு வரை அத்தனையும் மாற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பத்து ஆண்டு கழித்து வந்து நிற்கும்.

மறுமணமாக இருந்தால் முதல் துணையின் இறப்புச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பு வந்ததுமே திருமணத்தை வைத்துவிடக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும்.

150 நாளும் கடந்துவிட்டால்? இந்துக்கள் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதியலாம். மற்றவர்களுக்கும் கலப்பு மதத் தம்பதிகளுக்கும் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-வது பிரிவு இருக்கிறது. அதில் இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வயதில் சட்டப்படி மணந்த பெண்ணும் இந்தப் பிரிவுக்கு 21 வரை காத்திருக்க வேண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தால் போதும், சடங்கு எதுவும் வேண்டாம் என்று நினைக்கும் இளைஞர்களும் வருகிறார்கள். விசாவுக்காக முதலில் பதிவு, மண்டபம் கிடைத்தபிறகு திருமணம் என்பது இப்போது பரவலாகியிருக்கிறது. இது ஆபத்தானது. இந்து திருமணச் சட்டப்படி திருமணம் நடந்திருந்தால்தான் பதிவுக்குப் பொருள் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு அக்கினியும் ஏழடியும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கென்று 7-அ பிரிவு இருக்கிறது. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. அந்த நிலையை மாற்ற 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் இது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் "உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று அறிவிக்கலாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். திருத்தம் வருவதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் இந்தப் பிரிவு செல்லுபடியாக்கியது. இப்படிப்பட்ட திருமணத்தை ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. குடும்ப எதிர்ப்புக்கு நடுவே மணம் செய்துகொள்பவர்களுக்கு இது உயிர் காக்கும் விஷயம்.

இருவரும் வேறு வேறு மதம் என்றால் 7-அ பொருந்தாது. சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமணம் செய்யப்போவதாகப் பதிவு அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்தபின் 30 நாள் காத்திருப்பு. பிறகு 3 சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி. அறிவிப்புக் கொடுத்து 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்புக் காலாவதி. முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடுப்பில் வரும் வெளிநாட்டு வேலைக்காரர்கள் இந்த நாள்களைக் கூட்டிப்பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அதன் நகல் அங்குள்ள அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். பெயரும் முகவரியும் ஒரு மாதம் சுவரில் தொங்குகின்றன. எந்த ஊரிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த ஊருக்கே செய்தி போகிறது. பதிவு அலுவலர் ஆவணங்களைப் பார்த்து வயதையும் முந்தைய திருமணத்தையும் சரிபார்க்க முடியும்போது, இதை ஊருக்குக் காட்ட வேண்டிய தேவை என்ன? சாதி மறுத்து மணந்தவர்களைக் கொன்ற செய்திகளைப் படித்துவிட்டு இந்தப் பிரிவை வெறும் நடைமுறை என்று கடந்துபோக நம்மால் முடியவில்லை. அறிவிப்புப் பலகை முறையை நீக்கக் கோரும் தீர்மானத்தைச் செயற்குழு இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி, மிரட்டப்படும் தம்பதிகளின் புகார்களைப் பெற மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும். அச்சுறுத்தல் இருந்தால் அறிவிப்புக் கொடுக்கும் முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம்.

நலத்திட்டங்கள் பற்றி. "தாலிக்குத் தங்கம் எப்போது வரும்?" என்று இன்னும் கேட்கிறார்கள். 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறிவிட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணம் படிப்புக்குப் போவது சரியான மாற்றம் என்பதே செயற்குழுவின் கருத்து. பெண் கல்லூரியில் இருக்கும் வரை வரன் பார்ப்பதும் தள்ளிப்போகிறது. மற்ற திருமண உதவித் திட்டங்கள் தொடர்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண உதவிக்குத் திருமணமான 2 ஆண்டுக்குள்ளும், டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண உதவிக்கு 6 மாதத்துக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். கலப்புத் திருமண உதவிக்கு இருவரின் சாதிச் சான்றும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். கோபத்தில் இருக்கும் பெற்றோரிடமிருந்து அந்த ஒரு காகிதத்தை வாங்க முடியாமலே காலக்கெடு முடிந்துபோகிறது.

கைவிடப்பட்ட பெண்கள் நிலைதான் மிகவும் கடினம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை உட்படப் பலவற்றில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்கள். கணவர் விட்டுப்போன பெண் தாய்வீட்டில் இருப்பாள்; அவள் பெயர் மாமியார் வீட்டுக் கார்டில் இருக்கும். அவர்கள் நீக்கித் தரமாட்டார்கள். நீக்காமல் புதுக் கார்டு கிடைக்காது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கோ நீதிமன்ற ஆணை வேண்டும், இல்லையென்றால் 5 ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டுக்கு அவளிடம் என்ன சாட்சி இருக்கிறது? அதனால் பிரிந்த முதல் மாதமே ஜீவனாம்ச மனு போடச் சொல்கிறோம். இதற்கு 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. மனைவி குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்க வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்து தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு இழப்பு. மனுவின் தேதியே பிரிவுக்கும் ஆதாரமாக நிற்கும். ஜீவனாம்ச வழக்கில், திருமணம் பதிவாகாவிட்டாலும், நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் ஆவணங்களே பெரும்பாலும் போதும். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போதுதான் பதிவில்லாத மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்கிறது.

குழந்தைத் திருமணம் பற்றித் தகவல் தெரிந்தால் 1098-க்கு அழையுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று என்ற நிலையில்தான் நமக்குச் செய்தி வருகிறது. பெண் பார்க்க வரும்போதே பேசினால் குடும்பமும் அவமானப்படாது, பிள்ளையும் பள்ளிக்குத் திரும்புவாள்.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியவை: பகுதியில் உள்ள அச்சகங்களிலும் மண்டபங்களிலும் 90 நாள் கணக்கையும் பெயர் எச்சரிக்கையையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒட்டுவது, புரோகிதர்கள், பங்குத் தந்தையர், ஜமாஅத் நிர்வாகிகளிடம் வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவைப்பது, ரேஷன் கார்டில் பிரிந்த மனைவியின் பெயரை அவள் மனுவின் பேரிலேயே நீக்கக் கோரி வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு அளிப்பது. இவற்றுக்கான செலவு மதிப்பீட்டைப் பொருளாளர் தணிக்கை அறிக்கையோடு சேர்த்து வாசிப்பார். மேசையில் ஞாயிறுதோறும் அமர இன்னும் இரண்டு பேர் தேவை. கணினியில் தமிழ் தட்டச்சு தெரிந்த பெண் உறுப்பினர்கள் முன்வந்தால் நல்லது. மேசைக்கு வருபவர்கள் சில விஷயங்களை ஆண்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள். பெயரை இன்றே கூட்டம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்