அரையாண்டு நிறைவும் சனிக்கிழமை மண் வகுப்பும்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள் திருத்தும் பணி நடக்கிறது. பள்ளி திறக்கும் அன்று மதிப்பெண் பட்டியல் உங்கள் கைக்கு வரும். வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். குடிநீர்க் குழாய்களைப் பழுது பார்த்தாயிற்று. உழைத்த எல்லாருக்கும் வாழ்த்துகள்.

சென்ற மாதம் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு ஓர் ஆவணப்படம் காட்டினோம். மீரா முகர்ஜி என்ற சிற்பியின் வாழ்வும் வேலையும் பற்றியது. 1923இல் கொல்கத்தாவில் பிறந்தவர். 1950களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிற்பம் படித்தார். ஊர் திரும்பிச் சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மியூனிக்கில் கற்றதே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள பஸ்தர் பகுதிக்குப் போய், உலோகம் வார்க்கும் பழங்குடிக் கைவினைஞர்களின் உலைக்கருகில் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டார். 1960களில் மானிடவியல் ஆய்வுத் துறைக்காக நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, உலோகக் கைவினைஞர்களின் முறைகளைப் பதிவு செய்தார். 1972இல் அவர் வார்த்த அசோகர் சிலை பதினோரு அடிக்கு மேல் உயரம். கலிங்கப் போருக்குப் பின் நிற்கும் அசோகர். வெற்றி பெற்ற அரசனின் மிடுக்கு அந்த முகத்தில் இல்லை. நெசவாளரையும் படகோட்டியையும் மீனவரையும் கூட அவர் வெண்கலத்தில் வடித்தார். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1998இல் காலமானார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்கள் தாத்தா செய்வதும் இதேதான்" என்றாள். சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு இது புதிதில்லை. மெழுகில் உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பது, வறட்டித் தீயில் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது என எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். பிறகு என் மேசையில் கிடந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, உள்ளங்கைச் சூட்டிலேயே பிசைந்து நூலாக உருட்டிக் காட்டினாள். "நம் ஊரில் சாமி சிலைக்குப் பிடிக்கும் உருவம் உள்ளேயும் மெழுகுதான். பஸ்தரில் உள்ளே மண்ணால் கரு செய்து, அதன்மேல் மெழுகு நூலைச் சுற்றுகிறார்கள். அதனால்தான் சிலையில் கோடு கோடாக இருக்கிறது." முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு மாணவியிடம் இவ்வளவு தெளிவான பாடம் நான் கேட்டது குறைவு.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன் பேரில், சனிக்கிழமை காலையில் மண்ணும் மெழுகும் பழக ஒரு வகுப்பு தொடங்க முடிவு செய்து, அனுமதிப் படிவம் அனுப்பினோம். பெயர் கொடுத்தவர்களில் மாணவிகளே அதிகம். கையெழுத்துடன் திரும்பி வந்தவற்றில் மாணவிகளின் படிவங்கள் மிகக் குறைவு.

உங்களில் சிலர் நேரில் வந்து காரணம் சொன்னீர்கள். அதை மதிக்கிறேன். சீருடையில் கறை படியும் என்றீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய சட்டையைக் கொடுத்தனுப்பினால் போதும். தீக்காயம் படுமோ என்ற அச்சம் நியாயமானது. வகுப்பில் உலையும் இல்லை, உருக்கிய உலோகமும் இல்லை, பச்சை மண்ணும் இளக்கிய மெழுகும்தான். படிப்பு கெடும் என்ற கவலைக்காகவே பத்தாம் வகுப்பைச் சேர்க்கவில்லை. வகுப்பு ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். முடியும்வரை இரண்டு ஆசிரியைகள் உடனிருப்பார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்றால், அவர்களையும் கூட்டி வரட்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு படிவங்களில், மகனுடையதில் கையெழுத்து இருந்தது. மகளுடையதில் "பெண் பிள்ளைக்கு இது எதற்கு" என்று எழுதியிருந்தது. இப்படி ஒன்றல்ல, பல படிவங்கள். இதை என்னால் ஏற்க முடியாது. இந்தப் பள்ளியில் ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று கிடையாது. கை சொரசொரப்பாகிவிட்டால் வரன் அமையாது என்று பதிமூன்று வயதுக் குழந்தையின் காதுபடப் பேசுவது தவறு. அந்தப் பேச்சை அவள் வகுப்பறைக்கும் சுமந்து வருகிறாள். கணக்குப் போடும்போதும் அது அவள் கூடவே இருக்கிறது. வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், தயவுசெய்து காரணத்தை என்னிடம் சொல்லுங்கள், அவளிடம் சொல்லாதீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி படித்துப் பார்த்தேன். மாற்றத் தோன்றவில்லை. வயல் வேலைக்கும் பட்டறைக்கும் நடுவே, பிள்ளைகளை ஒரு நாள் தவறாமல் அனுப்புகிறவர்கள் நீங்கள். மழையில் மேற்கூரை ஒழுகியபோது, யாரும் கேட்காமலே தார்ப்பாய் கொண்டுவந்து கட்டியவர்களும் நீங்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

படிவத்தைத் திருப்பித் தர ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. ஏற்கெனவே மறுத்தவர்கள் புதிய படிவம் வாங்கிக்கொள்ளலாம். பழையதை நாங்கள் கோப்பில் வைக்கவில்லை. நேரில் பேச விரும்பினால் எந்த நாளும் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள்.

சனிக்கிழமை வகுப்பின் முதல் நாளுக்கு அந்த எட்டாம் வகுப்பு மாணவியின் தாத்தாவே வந்து மெழுகு பிடித்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் தன் பட்டறையிலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும், மண் சலித்துத் தருவதாகச் சொன்ன தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்