கயிற்றில் காயப்போட்ட படங்கள்

கல்லடி, மட்டக்களப்பு
ஆடி அமாவாசைக்கு மறுநாள்

என் மச்சாளுக்கு,

அப்பா போன செய்தி கேட்டு நீ போனில் அழுதபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ‘பிறகு எழுதுறன்கா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிறகு மூன்று மாதமாகிவிட்டது. கோபிக்காதே. அவருடைய எட்டுச் செலவும் 31ஆம் நாள் காரியமும் குறையில்லாமல் முடிந்தன. அம்மா ஒருவாறு சாப்பிடுகிறா. உன் பெரியக்கா இரண்டு தரம் வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போனா.

நேற்றுத் தம்பி மாமாங்கக் கோயில் குளத்தில் அப்பாவுக்காக முதல் தடவை தீர்த்தமாடினான். வருசா வருசம் தன் தகப்பனுக்கு விரதம் பிடித்து, படையலுக்குக் காத்தோட்டிக்காய் தேடிப் பற்றைக்குள் நுழைந்து கை கால் கீறிக்கொண்டு வருவாரே, அந்த மனுசனுக்கு நாங்கள் கடையில் வாங்கிப் பொரித்துப் படைத்தோம். இலையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் நிரப்பச் சொல்வார்களே, நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு வருசமும் விடை மாறும். படப்பிடிப்பாளர், காகித ஆலை ஊழியர், ரேடியோ திருத்துபவர், கமக்காரர். கணக்கு ரீச்சர் புருவத்தை உயர்த்திப் பார்ப்பா. நீயோ ‘மாமா இந்த மாதம் என்ன வேலைகா?’ என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும். ‘ஒன்றிலும் காலூன்றாத மனுசன்’ என்று அம்மா புறுபுறுப்பதை நானும் நம்பினேன். அதைத்தான் இப்போது நான் திருத்த வேண்டும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

செத்த வீட்டுக்கு வந்த சனம் ஒவ்வொன்றும் அவரை ஒவ்வொரு பெயரால் சொல்லி அழுதது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்தவர்களுக்கு அவர் ‘ரேடியோ அண்ணன்’. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்கப் பழக்கிக் கொடுத்தவராம். கூத்துக்காரருக்கு அவர் மத்தளக்காரர். அவர்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆளுக்கொரு தரம் அவருடைய மத்தளத்தைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் கடலோரத்து நாவலடிப் பெண் ஒருத்தி வந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. சேலைத் தலைப்பில் பொதிந்து ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். கலியாணப் படம், மூலையில் வெள்ளைக் கறை. ‘என் வீட்டில் மிஞ்சினது இது மட்டும்தான். உங்கட அப்பா கழுவித் தந்தது’ என்றாள்.

நீ 1990இலேயே ஊரைவிட்டுப் போய்விட்டாய், உனக்கு இது தெரியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அப்பாவும் அம்மாவும் படுவான்கரையில் வயல் வாடியில் நின்றார்கள். மாரி வெள்ளாமைக் காலம் என்பதால் பிழைத்தார்கள். அம்மாவின் சீதன வீடு இடுப்பளவுச் சுவராக நின்றது. மூன்றாம் நாள் அப்பா அங்கே போய்ச் சேற்றைக் கிளறியபோது, பக்கத்தில் எல்லோரும் தேடியது நகையை அல்ல, படங்களைத்தானாம். ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிரித்துக் கிழித்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்களாம்.

அப்பா அதைக் கண்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? கரையோரக் கிணறெல்லாம் உப்பு. வயல் பக்கத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கான் கானாக நல்ல தண்ணீர் ஏற்றி வந்தார். முகாம் முற்றத்தில் நாலைந்து பேசின் வைத்தார். ‘இழுக்காதே, ஊறவிடு, தானாக வழுகி வரும்’ என்பார். முகத்துப் பக்கம் விரல் படக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும், நிழலில் கயிறு கட்டிக் கவ்வியில் தொங்கவிட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் தாங்கின. கலர்ப் படங்களில் சிலருடைய முகம் தண்ணீரோடு கரைந்து போனது. அப்படிப் போனதை அவர் உரியவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு யார் கையிலும் கொடுத்துவிடவில்லை. நானும் இரண்டு கிழமை பக்கத்தில் நின்று கவ்வி எடுத்துக் கொடுத்தேன். இதை எங்கே படித்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

31ஆம் நாள் இரவு அம்மாதான் சொன்னா. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஸ்டூடியோக் கூரை பறந்து, நெகட்டிவ் பெட்டிகள் முழுக்க மழை இறங்கிவிட்டது. ஒரு கிழமையாக அவற்றைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டபடி இருந்தாராம். எனக்கு ஆறு வயது. துணிக்கொடியில் கறுப்பு நாடாக்கள் ஆடியது மங்கலாக நினைவிருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் தேறவில்லை. ஸ்டூடியோவும் அதோடு போனது. கடன் அடைக்கத்தான் வாழைச்சேனைக்கு ஆலை வேலைக்குப் போனார். பிறகு சண்டையால் பாதை அடைபட்டபோது அந்த வேலையும் போனது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் அடுத்ததைக் கையில் எடுத்தார். அதையும் ஆசையோடு செய்ததால்தான் விளையாட்டுப் போல நமக்குத் தெரிந்தது. அவர் எதையும் அலுத்துக் கைவிடவில்லை மச்சாள். நாம் அவரைப் பிழையாகப் படித்துவிட்டோம்.

பௌர்ணமிக்குக் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியை நம் காதில் வைப்பாரே. வாவிக்குள் கேட்கும் அந்தப் பாட்டு, மீன் பாடுகிறதா, ஊரி நத்தை கத்துகிறதா என்று நமக்குள் சண்டை. எனக்குக் கேட்கவே இல்லை. நீ மட்டும் கேட்டதாகச் சத்தியம் செய்தாய். இப்போதாவது உண்மையைச் சொல்லு!

கடைசியாக ஒரு காரியம். 1989இல் கூத்து அரங்கேற்றத்தன்று உன் அண்ணனின் டேப்பில் பதிந்தாயே, அந்தக் கசற் உன்னிடம்தான் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததெல்லாம் கடலோடு போய்விட்டது. தம்பியின் மூத்தவன் மத்தளம் பழகுகிறான், அப்பப்பாவின் கையைக் கேட்க வேண்டும் என்கிறான். நடுவில் நாம் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருப்பதும் அப்பா நம்மை அதட்டுவதும் அதில் இருக்கும், பரவாயில்லை. எடுத்தவுடன் ஓடவிடாதே, பழைய நாடா அறுந்துவிடும். பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார். பிடித்திருந்தால் நீ கை வைக்காதே, வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடு.

உன்
மச்சாள்