டயாலிசிஸ் நோயாளிகளையும் நினைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடலின் சொந்த செல்களிலிருந்தே ரத்தக்குழாய் வளர்ப்பது பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதய பைபாஸ் பற்றி விரிவாக இருந்தது. டயாலிசிஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் வீட்டுக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கத்தி பிடிக்கும் வலது கையை விட்டுவிட்டு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். அந்தக் கையால் பால் வாளி தூக்கக் கூடாது என்றார்கள், தூக்கவில்லை. விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். காலையில் கண் விழித்ததும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள் அதிர்வு இல்லை, அடைத்துவிட்டது. முழங்கைக்கு மேலே வைத்த இன்னொன்றும் நிலைக்கவில்லை. இப்போது கழுத்தில் டியூப். லேசாகக் காய்ச்சல் அடித்தாலே கிருமி ஏறிவிட்டதோ என்று பதறிப் போகிறோம். அடுத்து பிளாஸ்டிக் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். அதிலும் அடைப்பு, கிருமி பயம் உண்டு.

நர்சிங் படிக்கும் மகள்தான் விவரம் சொன்னாள். அர்ஜென்டினாவிலும் போலந்திலும் 10 டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, அவரவர் தோலில் எடுத்த செல்களை மெல்லிய தாளாக வளர்த்து, சுருட்டிக் குழாயாக்கிக் கையில் பொருத்தியிருக்கிறார்கள். 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. சிலருக்குத் தொடக்கத்திலேயே பழுதாகிவிட்டது. வேறு சிலருக்கு அதிலேயே ஊசி குத்தி மாதக்கணக்கில் டயாலிசிஸ் நடந்திருக்கிறது. ஒருவருக்கான குழாய் வளரப் பல மாதம், செலவும் அதிகம். அப்புறம், வேறொருவரின் செல்லில் வளர்த்து, செல்களை நீக்கி, தயாராக எடுத்து வைக்கும் குழாய் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. கை கால் அடிபட்டு ரத்தக்குழாய் சிதைந்தவர்களுக்குத்தான் அது.

நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இதய வால்வை இங்கேயே உருவாக்கி 1990-ல் நோயாளிக்குப் பொருத்தியவர்கள். இந்தக் குழாயையும் இப்படிப்பட்ட அரசு நிறுவனங்கள்தான் கையில் எடுக்க வேண்டும். சோதனைக்கு ஆள் சேர்க்கும்போது, கையில் இனி இடமில்லை என்று சொல்லப்பட்ட டயாலிசிஸ்காரர்களை முதலில் கூப்பிட வேண்டும். குழாய் மருத்துவமனைக்கு வரும் நாளில் அதை முதலமைச்சர் காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எங்களுக்கு எட்டாது.

சிறுநீரக மருத்துவர்களைக் கேட்டு, இதைப் பற்றி இன்னொரு கட்டுரை போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.